தம்பிக்குப் பதினெட்டு முடிந்த பிறகு

ஆட்டிசம் பற்றித் தமிழில் வருவதில் பெரும்பகுதி சின்னக் குழந்தைகளைப் பற்றியதுதான். பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று. அது வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழந்தைக்கும் ஒருநாள் மீசை முளைக்கும், அப்பாவை விட உயரமாக வளரும். அப்போது எங்கே போவது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத என் தம்பிக்கு இப்போது இருபத்தாறு வயது. கும்பகோணத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறான். நான் கல்யாணமாகித் திருச்சியில் இருக்கிறேன். அவனுடைய காகிதங்கள் எல்லாம் என் பீரோவில்தான். அந்தக் காகிதங்களைச் சேர்த்த அனுபவத்தையும், காகிதத்துக்கு வெளியே கற்றுக்கொண்டதையும் அவனைப் போன்ற பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

பதினெட்டு வயது ஏன் இவ்வளவு முக்கியம்? வளர்ச்சிக் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து பயிற்சி தர அரசு மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமையும் 6 முதல் 18 வயது வரைதான். தம்பி படித்த சிறப்புப் பள்ளியிலும் "பெரிய பையன் ஆயிட்டான், இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்றார்கள். அதே வயதில்தான் சட்டம் அவனை மேஜர் என்கிறது. அதாவது, உதவி குறைகிற அதே நாளில் அவனுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமையும் அப்பா அம்மாவிடமிருந்து போய்விடுகிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயதென்றால் கீழே உள்ளவற்றை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

முதலில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். தம்பி சிறுவனாக இருந்தபோது நடைமுறையில் இருந்தது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன, ஆட்டிசம் கிடையாது. அதனால் அவனுக்கு 'மனவளர்ச்சி குன்றியவர்' என்றுதான் சான்றிதழ் கொடுத்தார்கள். அவன் வயதுக்காரர்கள் பலருடைய பழைய சான்றிதழிலும் இப்படித்தான் இருக்கும். 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசம் அதில் தனியாக இடம்பெற்றது. சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு மறுமதிப்பீடு செய்து, நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையை வாங்கினோம். யூடிஐடி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒன்றைக் கவனியுங்கள்: பழைய சான்றிதழை வைத்து உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால், புதிதாக மதிப்பிடப் போகும் முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருந்தால் இரண்டையும் பதியச் சொல்லுங்கள். ஒன்று விடுபட்டால் நடுவில் உதவி நின்றுபோகக் கூடும்.

மதிப்பீடு எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பல தாய்மார்கள் தடுமாறுகிறார்கள். நம் நாட்டில் ஆட்டிசத்தை அளக்க ஐசா என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வார்கள். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். இதை வைத்துத்தான் சான்றிதழில் குறைபாடு எத்தனை விழுக்காடு என்று போடுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு வாசல் 40 விழுக்காடு. உளவியலாளர் நம் பிள்ளையைப் பார்ப்பார், மீதியை நம்மிடம்தான் கேட்பார். 

அம்மா அங்கே என்ன சொன்னார் தெரியுமா? "தானே குளிச்சுக்குவான் டாக்டர், தானே சாப்பிடுவான், ஒரு தொந்தரவும் கிடையாது." பிள்ளையை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற தாய்மனசு அது. தானே குளிப்பான் என்பது உண்மைதான். ஆனால் அம்மா கதவுக்கு வெளியே நின்று "இப்ப சோப்பு போடு, இப்ப தண்ணி ஊத்து, இப்ப துவட்டு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்வதை நிறுத்தினால் அவன் குழாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருப்பான். நான் இதைச் சொன்னதும் உளவியலாளர் எழுதுவதை நிறுத்தி, அந்தக் கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்டார். வாயால் சொல்லிக் கொடுப்பதும் உதவிதான். போகும் முன் ஒரு வாரம் அவனுடைய நாள் எப்படிப் போகிறது என்று எழுதி வையுங்கள். தூங்காத இரவு, கையைக் கடித்துக்கொண்ட நேரம், கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது எல்லாவற்றையும். கைபேசியில் சிறு காணொளிகள் இருந்தால் இன்னும் நல்லது. மருத்துவமனை அறையில் அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அவன் வாழ்க்கையை யாராலும் அளக்க முடியாது. ஆதாரில் உள்ள பெயரும் முதலெழுத்தும் சான்றிதழில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் எல்லா இடத்திலும் இடிக்கும்.

அடுத்தது சட்டப்படியான பாதுகாவலர். தம்பி பெயரில் தாத்தா போட்டு வைத்திருந்த வைப்புத்தொகை, அவன் மேஜரான பின் முதிர்ந்தது. ஒரு வங்கிக் கிளையில் "பையனே வந்து கையெழுத்துப் போடட்டும், இல்லேன்னா கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றார்கள். நீதிமன்றத்துக்குப் போகத் தேவையே இல்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்நிலைக் குழு ஒன்று உண்டு. ஆட்சியர்தான் தலைவர். பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் உறுப்பினர்கள். பெற்றோரோ உறவினரோ மனுக் கொடுக்கலாம். அந்தக் குழு தரும் பாதுகாவலர் சான்றிதழை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே அறிவுறுத்தியிருக்கிறது. சான்றிதழோடு அந்த அறிவுறுத்தலின் நகலையும் கொடுத்தோம். அதன் பிறகு வேலை நடந்தது.

பாதுகாவலர் ஆவதோடு கடமையும் வருகிறது. நியமனமான ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்து, கடன் விவரப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்தபின் மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். இதைத் தொந்தரவாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இது மிகுந்த நிம்மதி. நாளைக்கு நான் இல்லாமல் வேறொருவர் அவன் பணத்தைப் பார்த்துக்கொண்டாலும், கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கிறதல்லவா?

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாதுகாவலர் என்றால் அவனுடைய எல்லா முடிவுகளையும் நாமே எடுப்பது என்று பொருள் கொள்ளாதீர்கள். 2016 சட்டம் பேசுகிற வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறை, அந்த மனிதரோடு சேர்ந்து கலந்து முடிவெடுப்பதைத்தான் முன்வைக்கிறது. எந்தச் சட்டை, எந்த வழியாக நடப்பது, யார் வந்தால் எழுந்து உள்ளே போவது, இதெல்லாம் தம்பியின் விருப்பம். வங்கிக்கும் மருத்துவமனைக்கும் மட்டும்தான் எங்கள் கையெழுத்து.

மருத்துவமனை என்றதும் பல்வலிக் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்த அனுபவத்தைக் கேட்டு இன்னொரு குடும்பமாவது தன் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தால் போதும்.

இருபது வயது வாக்கில் தம்பி திடீரென்று மாறினான். கன்னத்தில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். இரவெல்லாம் கூடத்தில் நடந்தான். பார்த்தவர்கள் எல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: வயசுக் கோளாறு, ஆட்டிசம் முற்றிவிட்டது, தூக்க மாத்திரை கொடுங்கள். ஒரு மருத்துவர் நடத்தையைக் கட்டுப்படுத்தும் மருந்தின் அளவைக் கூட்டினார். அவன் பகலெல்லாம் சுருண்டு படுத்துக் கிடந்தான், விழித்தால் மறுபடி அறைந்துகொண்டான். கவனித்தது அம்மாதான். "எப்பவும் இடது கன்னத்துலதான் அடிச்சுக்கறான். சூடா எதையும் தொடமாட்டேங்கறான், தயிர்சாதம் மட்டும் எறங்குது." கடைவாயில் இரண்டு பற்கள் வேர்வரை சொத்தை. 

பேச்சில்லாத ஒருவருடைய நடத்தை திடீரென மாறினால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். பல், காது, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மனநல மருந்துக்குப் போக வேண்டும். வலிப்பும் இந்தக் கணக்கில் வரும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், அது பதின்வயதில் முதன்முதலாகத் தலைகாட்டுவதும் உண்டு. கண் ஒரே இடத்தில் நிலைகுத்திப் போவது, திடீரென்று உடல் வெட்டி இழுப்பது போன்றவற்றைப் பார்த்தால் காணொளி எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல்லை எடுக்க அவனை நாற்காலியில் உட்கார வைப்பது வேறொரு பாடம். பொறுமையுள்ள ஒரு பல் மருத்துவர் கிடைத்தார். முதலில் போனபோது வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அடுத்து நாற்காலியில் ஏறி இறங்கினான். பிறகு விளக்கைப் போட்டு அணைத்துக் காட்டினார், பல்லைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்தார். கூட்டமில்லாத மதிய நேரமாகப் பார்த்து வரச் சொன்னார். கடைசியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த அறைக்குள் அவன் தன் காலால் நடந்து போனான். பெரிய மருத்துவமனைகளிலும் கேட்டால் இப்படி முன்னோட்டம் பார்க்க விடுகிறார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

செலவுக்கு உதவியது நிராமயா காப்பீடு. முன்பு சொன்ன 1999 சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு இல்லை, காப்பீட்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனையும் இல்லை. பொதுவான காப்பீடுகள் பலவும் தொடாத வெளிநோயாளர் செலவு, தெரபிக் கட்டணம் ஆகியவற்றுக்கும் அவற்றுக்கென்று வகுத்த வரம்புக்குள் பணம் கிடைக்கும். முதலில் நாம் கட்டிவிட்டுப் பின்னால் வாங்க வேண்டியிருப்பதால் மருத்துவர் சீட்டு, ரசீது, முத்திரை எல்லாவற்றையும் அன்றன்றே கோப்பில் போடுங்கள். காப்பீட்டு ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்கத் தவறினால் அந்தச் சமயம் பார்த்துத்தான் பல் வலிக்கும்.

பல்வலிக்குப் பிறகு அம்மா எடுத்த முடிவு, இனி இவன் வலியைச் சொல்லத் தெரியாமல் அடித்துக்கொள்ளக் கூடாது என்பது. சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி இருக்கிறது. படத்தைத் தொட்டால் அது பேசும், தமிழிலும் பேசும். இருபது வயதுக்கு மேல் எதற்கு இதெல்லாம் என்று கேட்டவர்கள் உண்டு. நாங்கள் முதலில் வைத்தது பல், வயிறு, தலை, காது, 'வலிக்குது', 'போதும்', 'வேண்டாம்'. சாப்பாட்டுப் படங்களை விட முன்னதாக 'வேண்டாம்' வைக்கச் சொன்னது பேச்சுப் பயிற்சியாளர். அவர் சொன்னது எத்தனை சரி! 'வேண்டாம்' சொல்ல முடிந்த பிறகு தட்டு பறப்பது குறைந்துவிட்டது. கைபேசி வாங்க வசதியில்லை என்றால் அட்டையில் படம் ஒட்டிச் சட்டைப்பையில் கொடுத்தாலும் அதே வேலையைச் செய்யும். 

பயிற்சியாளரைத் தேடும்போது ஒன்றைப் பாருங்கள். சிறப்பாசிரியர், பேச்சு மொழிப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூடிய கதவுக்குள் தெரபி நடத்தி, பெற்றோரை உள்ளே விடாத இடத்தில் நான் என் தம்பியை விட மாட்டேன்.

ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோரின் தவிப்பைக் குறிவைத்து லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்றும், விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நகையை அடகு வைக்காதீர்கள்.

பகல் முழுவதும் அவன் என்ன செய்வான்? வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதுதான் பெரிய கேள்வி. முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தில் தொழிற்பயிற்சி உண்டு. சென்னையில் இன்னும் சில நல்ல இடங்கள் உண்டு. கும்பகோணத்திலிருந்து தினமும் போக முடியுமா? எங்கள் மாமா வெற்றிலை மண்டி வைத்திருக்கிறார். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் ஒரே மாதிரி அடுக்கி வைக்கப் பிடிக்கும். இலையைத் தரம் பிரித்து, நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டும் வேலையில் உட்கார வைத்தோம். சிறப்பாசிரியர் ஒருவர் வந்து வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படமாக ஒட்டிக் கொடுத்தார்: இடப்பக்கம் இலை, நடுவில் எண்ணும் பலகை, வலப்பக்கம் நார். கிழிந்த இலைக்குத் தனிக் கூடை. காலை ஏல நேரத்து இரைச்சல் அவனுக்கு ஆகாது, அதனால் கூட்டம் கலைந்த பிறகு போகிறான், காதுக் கவசத்தோடு. முதலில் சிறிது நேரம்தான் உட்கார்ந்தான். இப்போது மதியச் சாப்பாடு வரை இருக்கிறான். சனிக்கிழமை கூலி அவன் கையிலேயே கொடுக்கப்படுகிறது. மாமா இரக்கப்பட்டுக் கொடுக்கும் பணமாக அது இருக்கக் கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். எத்தனை கவுளியோ அத்தனைக்குத்தான் கூலி. மண்டியில் வேலை செய்யும் மற்றவர்கள் இப்போது அவன் கட்டிய கவுளியை மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை.

உங்கள் ஊரில் வெற்றிலை இருக்காது. பூக்கடையோ அச்சகமோ நர்சரித் தோட்டமோ இருக்கும். திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கில் செய்யும் வேலை, சத்தமில்லாத நேரம், கேலியைப் பொறுக்காத முதலாளி. இந்த மூன்றும் சேரும் இடத்தைத் தேடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். தகுதியை மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். அப்பா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். சம்பாதித்துப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதற்கான விவரங்களை அப்பா உயிரோடு இருக்கும்போதே பதிய வைத்துவிட்டோம். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட குடும்பங்கள் ஒவ்வொரு அலுவலகமாக அலைவதைப் பார்த்திருக்கிறேன். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தவர்களுக்கு மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்காக (1961 சட்டத்தில் 80டிடி பிரிவு) 75,000 ரூபாய், குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. நம்மைச் சார்ந்திருக்கும் உடன்பிறப்புக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

உடன்பிறப்பு என்றதால் ஒன்று. என்னைப் பெண் பார்க்க வந்த சமயத்தில், தம்பியை உள்ளறையில் இருக்கச் சொல்லலாமா என்று உறவினர் ஒருவர் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். "இது அவன் வீடு. அவன் எங்க உக்காருவானோ அங்க உக்காரட்டும்" என்றார் அப்பா. ஒரு சம்பந்தம் அதனால் நின்றது. அடுத்து வந்தவர், தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அக்கா தங்கைகளிடம் பெற்றோர் வெளிப்படையாகப் பேச வேண்டும். 'நீதான் பாத்துக்கணும்' என்று ஒரே வரியில் சுமத்தாமல், எது எங்கே இருக்கிறது, எவ்வளவு பணம், எதை நாங்கள் எதிர்பார்க்கிறோம், எதை எதிர்பார்க்கவில்லை என்று உட்கார்ந்து சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பேசினார்கள். அதனால்தான் இதைப் பயமில்லாமல் எழுத முடிகிறது.

தம்பி தனியாக வெளியே போய்விடும் பழக்கம் உள்ளவன் என்பதால் அவன் புகைப்படமும் எங்கள் எண்களும் எழுதிய தாளை காவல் நிலையத்திலும், மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும், ஆட்டோ நிறுத்தத்திலும் கொடுத்து வைத்திருக்கிறோம். 'பேச மாட்டான், தொட்டால் பயப்படுவான், பக்கத்தில் நின்று போன் செய்யுங்கள்' என்று அதில் இருக்கிறது. மாசிமகக் கூட்டத்தில் ஒருமுறை காணாமல் போனபோது ஆட்டோக்காரர் ஒருவர்தான் அந்தத் தாளில் எழுதியபடியே செய்தார்.

இன்னும் தீராதது அம்மாவின் ஓய்வு. அறுபதைத் தாண்டிவிட்டார், முழங்கால் வலிக்கிறது, ஒரு கல்யாணத்துக்கு நிம்மதியாகப் போய் வர முடியாது. கொஞ்ச நாள் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளச் சமர்த், நிரந்தரமாகச் சேர்ந்து வாழ கரோண்டா என்று தேசிய அறக்கட்டளையில் திட்டங்கள் உண்டு. ஆனால் அவை நடக்கும் இடங்கள் குறைவு, எங்கள் பக்கத்தில் எட்டும் தூரத்தில் இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பெற்றோர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஒரு வீட்டுப் பிள்ளையை இன்னொரு வீட்டில் ஒரு பகல் விடுவது என்று தொடங்கியிருக்கிறோம். தம்பி வேற்று வீட்டில் தூங்கப் பழகும் வரை நான் கூடவே தங்குகிறேன். அடுத்ததாக வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, பயிற்சி பெற்ற இருவரை வைத்து, சனி ஞாயிறு மட்டும் நாலைந்து பேரைத் தங்க வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வாடகையை யார் எவ்வளவு தருவது என்பதில் பேச்சு நிற்கிறது. வரும் கூட்டத்தில் அதை முடிக்க வேண்டும், ஏனென்றால் வீட்டுக்காரர் பொங்கலுக்குள் பதில் கேட்டிருக்கிறார்.